நடவுப் பாட்டு நோட்டு என்னுடையது, புத்தகத்தில் பெயர் வேறொருவருடையது

பாமணியாற்றங்கரை எழுதியது:

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன், வயது 61. படிப்பு பிளஸ் டூவோடு சரி. 1997-லிருந்து 2006 வரை, கடைக்கு வருகிறவர்களிடமும், குறுவை, தாளடி நடவு நேரத்தில் வரப்பிலேயே போய் உட்கார்ந்தும், நடவுப் பாட்டு, தெம்மாங்கு, கொஞ்சம் ஒப்பாரி என்று கேட்டுக் கேட்டு எழுதி வைத்தேன். லாங் சைஸ் நோட்டு மூன்று, மொத்தம் 214 பாட்டு. புரியாத சொல்லுக்கெல்லாம் கீழே பொடி எழுத்தில் பொருள் போட்டேன். எந்த வேலைக்கு எந்தப் பாட்டு என்று பிரித்தும் வைத்தேன். நாற்றுப் பறிக்கும்போது பாடுவது தனி, நடும்போது பாடுவது தனி, கடைசி நாற்று முடியை நட்டுவிட்டுக் கரையேறும்போது குலவை போட்டுப் பாடுவது தனி. யூரியா மூட்டைக் கணக்கை ஒழுங்காக எழுதத் துப்பில்லை, இதை எழுதுகிறார் என்று வீட்டில் திட்டாத நாள் இல்லை.

2015-ல் ஓர் ஆய்வு மாணவர் தேடிக்கொண்டு வந்தார். பணிவான பையன். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று நோட்டை வாங்கிப் போய் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு பத்து நாளில் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டை கிழிந்திருந்த இடத்தில் பிரவுன் டேப் ஒட்டிக்கூடக் கொடுத்தார், அதிலேயே எனக்கு மனசு குளிர்ந்துபோனது. காகிதம், கையெழுத்து எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் பேச்சு மூச்சு இல்லை.

போன மாதம் தஞ்சாவூரில் ஒரு புத்தகக் கண்காட்சியில் பார்த்தேன். 350 ரூபாய்ப் புத்தகம். 'சேகரிப்பும் பதிப்பும்' என்று போட்டு அவர் பெயர். என் வரிசைப்படியே 160 பாட்டுக்கு மேல் இருக்கிறது. நன்றியுரையில் 'காவிரிப் படுகை மக்களுக்கு' என்று ஒரு வரி. நானும் காவிரிப் படுகை மக்களில் ஒருவன்தானே என்று சமாதானம் பண்ணிக்கொள்ள வேண்டியதுதான் போலிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு நடவுப் பாட்டில் குடவாழை என்று வரும். வேதாரண்யம் பக்கம் உப்பு ஏறிய மண்ணிலும் விளைகிற பழைய நெல் அது. 1999-ல் எனக்கு அது தெரியாது, உரக்கடைக்காரனுக்கு ஆடுதுறை 36-ம் சி.ஆர். 1009-ம்தான் நெல். என் காதில் குலைவாழை என்று விழுந்தது. அப்படியே எழுதி, கீழே 'குலை தள்ளிய வாழை, மங்கலத்தின் அடையாளம்' என்று வியாக்கியானம் வேறு போட்டேன். பல வருடம் கழித்துத் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் ஒருவர் ஒரு கைப்பிடி நெல்லை அள்ளிக் கொடுத்து இதுதான் குடவாழை என்றபோதுதான் மண்டையில் உறைத்தது. நோட்டில் திருத்தவில்லை, சோம்பல்.

புத்தகத்தில் 87-ஆம் பக்கம்: குலைவாழை. அடிக்குறிப்பு: குலை தள்ளிய வாழை, மங்கலத்தின் அடையாளம்.

பணம் வேண்டாம். கேஸ் போடத் தெம்பும் இல்லை. என் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான். சட்டத்தில் எனக்கு ஏதாவது பிடி இருக்கிறதா, இல்லை நாட்டுப்புறப் பாட்டுக்கு எவனும் சொந்தக்காரன் இல்லை என்று கையை விரித்துவிடுவார்களா?


டவுன்கோர்ட் எழுதியது:

ஐயா, எதற்கும் முன்னால் ஒன்று. கோபத்தில் அவர் பெயரையோ புத்தகத்தின் பெயரையோ இங்கே போட்டுவிடாதீர்கள், நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அவதூறு நோட்டீஸ் வாங்கிக்கொண்டு நிற்பானேன். கும்பகோணத்தில் வக்கீலாக இருக்கிறேன், இதே மாதிரி ஒரு தலபுராண விவகாரம் பார்த்திருக்கிறேன்.

பாட்டு வேறு, நோட்டு வேறு. தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் பாட்டின் மேல் உங்களுக்கும் உரிமை இல்லை, அவருக்கும் இல்லை. ஆனால் 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் தொகுப்பையும் இலக்கியப் படைப்பாகத்தான் கணக்கு வைக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது, எப்படி வரிசைப்படுத்துவது, கீழே என்ன விளக்கம் எழுதுவது என்பதில் உங்கள் அறிவு போயிருக்கிறதே, அது உங்களுடையது. வெறும் உழைப்பு மட்டும் இருந்தால் போதாது, கொஞ்சமாவது சொந்தத் திறமையும் தேர்வும் வேண்டும் என்று சட்டத் தீர்ப்புத் தொகுப்பு பற்றிய ஒரு வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் அடிக்குறிப்புகளும் வேலைவாரியான பிரிப்பும் அதைத் தாண்டிவிடும் என்றுதான் நினைக்கிறேன். குலைவாழை நிச்சயமாகத் தாண்டும், அது உலகத்திலேயே உங்களுக்கு மட்டும் சொந்தமான கண்டுபிடிப்பு!

பதிவு செய்யவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், எழுதிய நிமிடமே உரிமை வந்துவிடும். உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்கப்புறம் 60 வருடமும் இருக்கும். ஜெராக்ஸ் எடுக்க விட்டதால் அச்சடிக்கவும் விட்டதாக ஆகாது. உரிமையை எழுதிக் கொடுப்பது என்றால் நிஜமாகவே எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும், பிரிவு 19. நீங்கள் கேட்கிற 'என் பெயர்' பிரிவு 57. உரிமையை விற்றுக் காசாக்கிவிட்ட எழுத்தாளனுக்கும் இது போகாது, இது நான்தான் எழுதியது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை தனியாக நிற்கும்.

கேஸ் கடைசிப் பேச்சு. பதிப்பகத்துக்கு ஒரு பதிவுத் தபால், கூடவே நோட்டின் அந்தப் பக்கத்தையும் 87-ஆம் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு ஜெராக்ஸ். பெரும்பாலும் அதிலேயே இறங்கி வருவார்கள். வராவிட்டால் சென்னைக்கெல்லாம் அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். மூன்று வருடக் கெடு ஓடுகிறது, அதை மட்டும் மறக்காதீர்கள்.

இன்னொன்று, அவருடைய ஆய்வேட்டைத் தேடுங்கள். ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் முழுதாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கருத்துத் திருட்டுக்கு விதிமுறை கொண்டுவந்தது. பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் விட்டுவிடுவார்கள், 40 வரை போனால் திருத்தி எழுதச் சொல்வார்கள், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பட்டம் வாங்கின பிறகு தெரிந்தாலும் பட்டத்தை நிறுத்திவைக்க வழி இருக்கிறது. ஆனால் சாப்ட்வேர் இதைப் பிடித்திருக்காது, உங்கள் நோட்டு பீரோவில் இருக்கிறது, இணையத்தில் இல்லை. நீங்கள் சொன்னால்தான் தெரியும்.


சும்மாவந்தவன் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் ஒன்று கேட்கிறேன். நோட்டு பீரோவில் கிடந்தால் கரையான் தின்றிருக்கும். அந்த ஆள் புத்தகமாகப் போட்டார், பாட்டு பிழைத்தது. ஊர்ப் பொதுச்சொத்துக்கு எதற்குப் பெயர்ச் சண்டை? பாரதியார் பாட்டையே 1949-ல் அரசாங்கம் வாங்கி, அப்புறம் எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது.


டவுன்கோர்ட் எழுதியது:

விட்டுவிட்டது, சரி. அதற்காக அந்தப் பாட்டை யாராவது தன் பெயரில் போட்டுக்கொள்கிறார்களா தம்பி? காசு கொடுக்க வேண்டாம் என்பது ஒன்று, பெயர் சொல்ல வேண்டாம் என்பது வேறொன்று.


முள்ளியாற்றுக்காரி எழுதியது:

சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். 214 பாட்டு, 3 நோட்டு, பிரவுன் டேப், 87-ஆம் பக்கம் எல்லாம் இருக்கிறது. பாடியவர் ஒருத்தர் பெயர்கூட இல்லை. நோட்டிலாவது இருக்கிறதா?

என் அம்மா திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே முப்பது வருடம் நடவு நட்டவர். வயலில் இறங்கினால் முன்பாட்டு அவருடையதுதான், ஒரு அடியை இவர் எடுத்துக் கொடுக்க மற்ற பதினைந்து இருபது பேர் வாங்கிப் பாடுவார்கள். பாட்டு பழசுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடுநடுவே அன்றைக்கே கட்டுகிற அடிகள் வரும். வரப்பில் குடை பிடித்து நிற்கிற காரியக்காரரைப் பற்றி, மணி பதினொன்று ஆகியும் டீத்தண்ணி வராததைப் பற்றி, பின்தங்கி நடுகிறவளைப் பெயர் சொல்லிக் கேலி பண்ணி. பெயர் பாட்டில் விழுந்ததும் அவள் கை வேகமாக ஓடும், பாட்டு எதற்கு என்றால் அதற்குத்தான். அந்த அடிகளை எழுதியது யார் என்று கேட்டால் என் அம்மா. அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், அதனால் அவர் எழுதவில்லை என்று ஆகிவிடாது.

இப்போது மெஷின் நடவு. அம்மாவுக்கு எழுபது ஆகிறது, முட்டி வலி, பாடச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ரொம்ப வருடம் முன்னால் யாரோ ஒரு சார் டேப் ரெக்கார்டரோடு வந்து எழுதிக்கொண்டு போனார் என்று எப்போதாவது சொல்வார். அது நீங்களாகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம், எங்கள் பக்கம் அப்படி வந்து போனவர்கள் நிறைய.


ஏட்டுப்பூச்சி எழுதியது:

குலைவாழையைத் திருத்தாமல் விட்ட அந்தச் சோம்பலைக் கும்பிடுங்கள் ஐயா. ஓலைச்சுவடியோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இது பழைய சங்கதி. இரண்டு ஏட்டில் சரியான பாடம், அதாவது வாசகம், ஒன்றாக இருந்தால் அது ஒன்றுக்கும் உதவாது, சரியானது எங்கேயும் சரியாகத்தான் இருக்கும். பிழை ஒன்றாக இருந்தால்தான் ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதியிருக்கிறார்கள், அல்லது இரண்டுக்கும் மூல ஏடு ஒன்று என்று தெரியும். ஒரே பாட்டை அவரும் வயலில் கேட்டிருக்கலாம் என்று வாதாடலாம். ஒரே பிழையைக் கேட்டிருக்க முடியாது, அதற்கு ஒரே அடிக்குறிப்பு எழுதியிருக்கவே முடியாது.

நம் பக்கத்துக்காரர் உ.வே.சா. இருக்கிறாரே, உத்தமதானபுரம், கும்பகோணம் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டே 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். அவர் பதிப்புகளின் முகவுரையைப் படித்துப் பாருங்கள், எந்த ஊரில் யார் வீட்டிலிருந்து, எந்த மடத்திலிருந்து ஏடு வந்தது என்று பட்டியலே இருக்கும். திருத்தக்கதேவர் போய் ஆயிரம் வருடம் ஆகியிருக்கும், ஏடு கொடுத்தவருக்கு அந்தக் காப்பியத்தில் ஒரு வரிக்கும் உரிமை கிடையாது, எந்தச் சட்டமும் கேட்டிருக்காது. இருந்தும் எழுதினார். சிந்தாமணி என்று ஒன்று இருக்கிறது, அதைப் படித்தீரா என்று தன்னைக் கேட்டவர் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் என்பதையும் அவரே ஊரறியச் சொல்லிவிட்டார். அந்த ஆய்வாளர் தமிழ் படித்தவர் என்றால் இதெல்லாம் தெரியாமலா இருக்கும்.

முள்ளியாற்றுக்காரி அக்கா கேட்டதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. நானும் கோயில் கல்வெட்டுக்குப் போனால், கல்லைச் சுத்தம் பண்ண உதவிய ஊர்க்காரர் பெயரை எழுதி வைத்ததே இல்லை. இப்போது யோசித்தால் ஒரு முகம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை.


ஆரூரான் எழுதியது:

எங்கள் திருவாரூரில் பிறந்த சங்கீத மும்மூர்த்திகள் மூன்று பேரும் இந்தத் தொல்லைக்கு இடமே வைக்கவில்லை. தியாகராஜர் தன் பெயரையே பாட்டுக்குள் வைத்துவிடுவார், தீட்சிதர் என்றால் குருகுஹ, சியாமா சாஸ்திரி என்றால் சியாமகிருஷ்ண. அட்டையைக் கிழித்தாலும் முத்திரை பாட்டோடு போகும். அதே சமயம் சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மெட்டுப் போட்டவர்கள் சட்டநாதபுரத்திலிருந்து வந்த அவருடைய மாணவர்கள் இருவர், வெங்கடராமய்யர், கோதண்டராமய்யர். கச்சேரியில் கவிராயர் பெயரைச் சொல்வார்கள், அந்த இரண்டு பேரை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்?


பாமணியாற்றங்கரை எழுதியது:

இரண்டு நாளாக எழுதவில்லை. நோட்டை எடுத்து உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன்.

214-ல் 23 பாட்டுக்குத்தான் பெயர் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எங்கள் தெருவே. மிச்சத்துக்கெல்லாம் 'ஒரு பெண், 50 வயது இருக்கும்', 'கோட்டூர்ப் பக்கம்', 'நடவு ஆள்' என்று எழுதியிருக்கிறேன். சில பாட்டுக்கு அதுவும் இல்லை, தேதி மட்டும். உர மூட்டை வாங்கின ஆண்களின் பெயர், அப்பா பெயர், பாக்கி எல்லாம் அதே வருடக் கணக்கு நோட்டில் தெளிவாக இருக்கிறது.

இதைச் சொல்லாமல் விடக் கூடாது என்பதால் சொல்கிறேன். முள்ளியாற்றுக்காரி சொன்னாரே, பாட்டுக்குள் பெயர் சொல்லிக் கேலி பண்ணுவது, அந்த மாதிரி அடிகள் எனக்கு நிறையக் கிடைத்தன. பொதுவாக இருக்கட்டும், வெளியூர்க்காரன் படித்தாலும் புரியட்டும் என்று அந்தப் பெயர்களை எல்லாம் அடித்துவிட்டு 'பெண்ணே', 'தோழி' என்று நானே மாற்றியிருக்கிறேன். நடவு நடுகிற எந்தப் பெண்ணும் பக்கத்தில் இருப்பவளைத் தோழி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அடித்த இடத்தில் உற்றுப் பார்த்தால் சிலது படிக்க முடிகிறது. புத்தகத்திலும் தோழிகள்தான் வரிசையாக நடுகிறார்கள்.

காசெட் எட்டு இருக்கிறது, மூன்று ஓடுகிறது, மற்றதில் பூஞ்சை. டவுன்கோர்ட் ஐயா, அதில் பாடியவர்களுக்குச் சட்டத்தில் ஏதாவது உண்டா?


டவுன்கோர்ட் எழுதியது:

உண்டு. நிகழ்த்துகிறவர் உரிமை என்று தனியாகவே இருக்கிறது, பிரிவு 38. பாடகர், நடிகர், கழைக்கூத்தாடி, ஏன், பாம்பாட்டி வரைக்கும் அந்த வரையறையில் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள், மேடை ஏறினால்தான் கலைஞர் என்றெல்லாம் சட்டம் கேட்கவில்லை. பாடிய வருடம் முடிந்து 50 வருடம். நீங்கள் 2003-ல் பதிவு செய்தது என்றால் 2053 முடியும் வரை. 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடியது நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் சேர்ந்தது. ஆகவே அந்தக் காசெட்டை நாளைக்கு யூடியூபில் போடுகிறேன் என்று கிளம்பாதீர்கள், பாடியவர்கள் இருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள்.


சும்மாவந்தவன் எழுதியது:

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பூஞ்சைக் காசெட்டை பிளேயரில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள் அண்ணே, ஹெட்டும் கெடும் டேப்பும் உரியும். என் மாமா ரிக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர், சுத்தம் பண்ணத் தெரியும். கேட்டுச் சொல்கிறேன்.


பாமணியாற்றங்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதிவுத் தபால் போட்டேன். பதிப்பகத்தார் மரியாதையாகத்தான் பேசினார்கள், அடுத்த அச்சில் அட்டையிலேயே என் பெயர், விற்காமல் இருக்கிற பிரதிகளுக்கு உள்ளே ஒரு தாள் ஒட்டித் தருகிறார்களாம். எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பையனும் போன் பண்ணினார். பையன் என்ன, அவருக்கே தலை நரைத்திருக்கும். வேறொருவர் நோட்டிலிருந்து எடுத்தேன் என்று போட்டால் நீ களத்துக்கே போகவில்லை என்பார்கள் என்று பயந்தாராம். களத்துக்குப் போகவில்லைதானே என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. நாலு ஊருக்குப் போனேன் சார், யாரும் பாடவில்லை என்றார். அது உண்மையாக இருக்கும் என்று தோன்றியது, அதற்குமேல் கடிந்து பேச வாய் வரவில்லை. புகார் கொடுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.

ஒட்டுகிற தாளில் என் பெயரோடு அந்த 23 பேரின் பெயரும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். முள்ளியாற்றுக்காரி அம்மா, ஒன்று கேட்க வேண்டும். அந்தக் குலைவாழைப் பாட்டுக்குக் கீழே '12.9.1999, பூண்டிக்குத் தெற்கே, முன்பாட்டு, சிவப்புச் சேலை' என்று மட்டும் இருக்கிறது. அந்தப் பாட்டு ஓடுகிற மூன்று காசெட்டில் ஒன்றில் இருக்கிறது. உங்கள் அம்மாவிடம் போட்டுக் காட்டலாமா?


முள்ளியாற்றுக்காரி எழுதியது:

அம்மாவிடம் சொன்னேன். சிவப்புச் சேலை எல்லாரிடமும்தான் இருந்தது என்கிறார். குலைவாழை என்று நீங்கள் எழுதிய கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார், வாழையை எவளாவது முடி முடியாகச் சேற்றில் நடுவாளா, அந்த சாருக்கு வயலே தெரியாதா என்று கேட்டார். உரக்கடைக்காரர் என்றேன். இன்னும் சிரிப்பு அதிகமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மத்தியானத்துக்கு மேல் வேண்டாம், மாத்திரை போட்டுத் தூங்கிவிடுவார். அம்மா குரலாக இல்லாவிட்டாலும் யார் குரல் என்று சொல்லிவிடுவார், அவரோடு நட்டவர்கள் ஏழெட்டுப் பேர் இன்னும் இருக்கிறார்கள். அந்த அடித்த பெயர்கள் இருக்கிற நோட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.